வானுக்கு ஏணி வைத்தவர்கள்

பொது அறிவு வினாவிடைப் போட்டிகளில் அடிக்கடி வரும் கேள்விகளில் ஒன்று, "அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியாக விமானத்தில் கடந்த முதல் பெண் யார்?" என்பது. அமெலியா இயர்ஹார்ட் என்று நாமும் ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுவோம். 1932 என்று ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால், அந்தப் பெண்ணுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் யார், அந்தப் பயிற்சிக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று எந்தப் போட்டியிலும் யாரும் கேட்பதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்விகளைப் பற்றியதே இக்கட்டுரை. பெண்கள் விமானிகளாவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று பலமுறை கேட்டிருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் துணிச்சலோடு இன்னும் மூன்று விடயங்கள் வேண்டும். பணம், முறையான பயிற்சி, முன்னே சென்ற ஒருவரின் வழிகாட்டல் ஆகியவையே அவை. இம்மூன்றும் கிடைத்த இடங்களில் பெண்கள் பறந்திருக்கிறார்கள். கிடைக்காத இடங்களில் துணிச்சல் மிக்கவர்களும் தரையிலேயே நின்றிருக்கிறார்கள்.

எங்கள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் தோழி ஒருத்திக்கு விமானியாக வேண்டுமென்று ஆசை. அதை அவள் யாரிடம் சொன்னாலும் முதலில் வருகின்ற கேள்வி, "பயமில்லையா?" என்பதுதான். அவளுக்கோ பயத்தைப் பற்றிய கவலையே இல்லை. வாப்பாவின் சம்பளத்தைப் பற்றித்தான் கவலை. அவளுடைய கவலை எவ்வளவு நியாயமானது என்பதை விளங்கிக்கொள்ள, விமானி ஒருவர் எவ்வாறு உருவாகிறார் என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு மணித்தியாலத்தின் விலை

விமானியாவது பல படிகளைக் கொண்ட பயணம். முதலில் மருத்துவப் பரிசோதனை. கண், காது, இதயம் முதலியவை தகுதியானவை என்று அங்கீகரிக்கப்பட்ட வைத்தியர் சான்றளிக்க வேண்டும். அடுத்தது தனியார் விமானி அனுமதிப்பத்திரம். சர்வதேச விதிமுறையின்படி இதற்குக் குறைந்தது 17 வயதும், 40 மணித்தியாலப் பறத்தல் அனுபவமும் தேவை. அதாவது, உயர்தரம் படிக்கும் எமது வயதிலேயே இதைப் பெறலாம். ஆனால் இந்த அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது.

அதற்கு வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். பறத்தல் அனுபவம் 200 மணித்தியாலம் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர்ச்சியான பாடநெறியைப் பின்பற்றினால் 150 மணித்தியாலம் போதும். இதற்குப் பின்னரும் படிகள் முடிவதில்லை. மேகத்துக்குள்ளும் இருளிலும் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கு ஒரு தகுதி, இரண்டு இயந்திரங்கள் கொண்ட விமானத்துக்கு ஒரு தகுதி, பின்பு பெரிய பயணிகள் விமானத்தின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பயிற்சி என்று அவை நீளும். பயணிகள் விமானத்தின் கப்டனாக வேண்டுமானால் 21 வயதும் 1500 மணித்தியால அனுபவமும் கொண்ட உயர்ந்த அனுமதிப்பத்திரம் தேவை.

இந்த மணித்தியாலங்கள்தான் பணத்தை விழுங்குகின்றன. எமது வகுப்பறையில் ஓர் ஆசிரியை நாற்பது மாணவிகளுக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கிறார். பயிற்சி விமானத்திலோ ஒரு மாணவிக்கு ஒரு பயிற்றுநர். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 30 லீற்றர் எரிபொருளை எரிக்கிறது. அத்தகைய விமானத்தின் இயந்திரத்தைச் சுமார் 2000 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கும் ஒவ்வொரு மாணவியின் ஒவ்வொரு மணித்தியாலக் கட்டணத்திலும் சேர்ந்துவிடுகிறது. எனவேதான் வர்த்தக விமானிப் பயிற்சிக்கு நமது நாட்டில் பல மில்லியன் ரூபா தேவைப்படுகிறது.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் பின்தங்கிய கிராமத்து மாணவி ஒருத்தி உயர்தரத்தில் சிறந்த பெறுபேறு பெற்றால் கல்விக் கட்டணமின்றி வைத்தியராகலாம், பொறியியலாளராகலாம். இலவசக் கல்வி அவளுக்கு ஏணியாக நிற்கிறது. பயணிகள் விமானத்தின் விமானியாக விரும்பும் மாணவிக்கு அப்படியோர் ஏணி இல்லை. பெறுபேறு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பணம் குடும்பத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரு குடும்பம் பல மில்லியன் ரூபாவை ஒரு பிள்ளைக்குச் செலவிட நினைக்கும்போது, அந்தப் பிள்ளை மகனா மகளா என்ற கேள்வியும் பல வீடுகளில் எழுந்துவிடுகிறது.

பாதிப் பணத்தோடு தொடங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. இருபது மணித்தியாலம் பறந்தபின் பணம் முடிந்து ஆறு மாதம் நின்றுவிட்டால், பழகிய கை மறந்துவிடும். திரும்பி வரும்போது முன்னர் படித்த பாடங்களையே மீண்டும் பறந்து பழக வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு. வசதி குறைந்தவர் இவ்வாறு நின்று நின்று படிப்பதால், வசதி உள்ளவரை விடக் கூடுதலாகச் செலவழிக்க நேர்கிறது.

தொலைபேசி அருகே இரு பெண்கள்

இனி அமெலியாவிடம் வருவோம். 1921 ஜனவரியில் கலிபோர்னியாவில் அவர் தமது முதல் பாடத்தைக் கற்றார். கற்பித்தவர் நேட்டா ஸ்னூக் என்ற பெண் விமானி. ஒரு பெண் பறப்பதை நேரில் கண்டு, அந்தப் பெண்ணிடமே கற்கும் வாய்ப்பு அமெலியாவுக்கு இருந்தது. கட்டணத்துக்காக அவர் பல வேலைகள் செய்தார். புகைப்படம் எடுத்தார், லொறி ஓட்டினார், தொலைபேசி நிறுவனம் ஒன்றிலும் பணிபுரிந்தார்.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், உலகின் இன்னொரு பக்கத்தில், கெய்ரோ நகரில் மற்றொரு பெண்ணும் தொலைபேசியின் அருகே அமர்ந்திருந்தார். அவர் பெயர் லுத்பிய்யா அந்நாதி. 1907இல் பிறந்தவர். அவருடைய தந்தை அரச அச்சகத்தில் பணிபுரிந்தார். மகள் அதிகம் படிக்கத் தேவையில்லை என்பது தந்தையின் எண்ணம். தாயாரோ படிப்பை ஊக்குவித்தார். விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்ற ஆவல் லுத்பிய்யாவுக்கு எழுந்தபோது வீட்டில் பணம் கேட்க வழியில்லை. அவர் விமான நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்த கமால் இல்வி என்பவரிடம் நேரே சென்று உதவி கேட்டார். அவர் ஒரு வழி சொன்னார். விமானப் பயிற்சிப் பாடசாலையில் செயலாளராகவும் தொலைபேசி இணைப்பாளராகவும் வேலை செய்ய வேண்டும். அந்தச் சம்பளம் பயிற்சிக் கட்டணமாகும்.

லுத்பிய்யா தந்தைக்குத் தெரியாமலே படித்தார். அந்தப் பாடசாலையில் ஆண்களிடையே ஒரே பெண்ணாக இருந்தார். 1933 செப்டெம்பர் 27ஆந் திகதி அனுமதிப்பத்திரம் பெற்று எகிப்தின் முதல் பெண் விமானியானார். ஆபிரிக்காவிலும் அரபுலகிலும் முதல் பெண் விமானி என்று போற்றப்படுபவரும் அவரே. செய்தித்தாள்களில் படம் வெளிவந்தபோதுதான் தந்தைக்கு விடயம் தெரிந்தது. கோபம் கொண்ட தந்தையைத் தம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு கெய்ரோ நகருக்கு மேலாகவும் பிரமிட்டுகளைச் சுற்றியும் பறந்து காட்டினார் மகள். அதன்பின் அவரை மிகவும் ஊக்குவித்தவர் அந்தத் தந்தையே.

இந்தக் கதையில் தந்தையின் மனமாற்றம் நமக்குப் பிடித்த பகுதி. நான் அதற்கு முந்திய பகுதியை முக்கியமாகக் கருதுகிறேன். கமால் இல்வி கதவைச் சாத்தியிருந்தால், தந்தையை ஏற்றிச் செல்ல விமானமே இருந்திராது. அதே ஆண்டு கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியா வரையான விமானப் பந்தயத்தில் லுத்பிய்யா கலந்துகொண்டார். அதன் பின்னர் எகிப்தியப் பெண்கள் இயக்கத்தின் தலைவி ஹுதா ஷஃராவி, லுத்பிய்யாவுக்குச் சொந்தமாக ஒரு விமானம் வாங்குவதற்காக நிதி திரட்டத் தொடங்கினார். லுத்பிய்யாவைத் தொடர்ந்து வேறு எகிப்தியப் பெண்களும் பறக்கக் கற்றனர். அவர்களுள் லிண்டா மஸ்ஊத் என்பவர் பிறருக்குக் கற்பிக்கும் பயிற்றுநராகவும் ஆனார்.

கடல் கடந்து சென்ற மாணவி

கதவுகள் எல்லாமே சாத்தப்பட்ட ஒருவரின் வரலாறும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1892இல் பிறந்த பெஸ்ஸி கோல்மன், சிக்காகோ நகரின் சிகையலங்கார நிலையம் ஒன்றில் நகம் திருத்தும் வேலை செய்தவர். பெண் என்பதாலும் கறுப்பினத்தவர் என்பதாலும் அமெரிக்காவின் எந்த விமானப் பாடசாலையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 'சிக்காகோ டிஃபென்டர்' பத்திரிகையின் வெளியீட்டாளர் ரொபர்ட் அபட் அவருக்கு ஓர் ஆலோசனை கூறினார். பிரான்சில் பெண்களுக்குக் கற்பிக்கிறார்கள், அங்கே போய்ப் படியுங்கள் என்றார். பண உதவியும் கிடைத்தது. பெஸ்ஸி பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டு 1920 நவம்பரில் கப்பலேறினார். 1921 ஜூன் 15ஆந் திகதி சர்வதேச அனுமதிப்பத்திரம் பெற்றார்.

நாடு திரும்பிய பின்னர் விமானச் சாகசக் காட்சிகளில் பறந்து புகழ்பெற்றார். தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு விமானப் பாடசாலை தொடங்க வேண்டுமென்பதே அவருடைய பெருங்கனவாக இருந்தது. கனவு நிறைவேறுமுன் 1926இல் விபத்தில் உயிரிழந்தார். ஆயினும் 1929இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் பெயரால் விமானக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. தாம் மட்டும் ஏறினால் போதாது, ஏணியை அடுத்தவருக்கும் விட்டுச் செல்ல வேண்டும் என்ற அவருடைய எண்ணம் அவருக்குப் பின்னரும் வாழ்ந்தது.

தொண்ணூற்றொன்பது பேர்

அதே 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிப்பத்திரம் பெற்ற பெண் விமானிகள் 117 பேரே இருந்தனர். ஒருவரையொருவர் அறிந்து உதவிக்கொள்ள ஒரு சங்கம் வேண்டும் என்று அவர்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பப்பட்டது. நவம்பர் 2ஆந் திகதி நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியிலுள்ள கேர்ட்டிஸ் விமானத் திடலில் 26 பெண்கள் கூடினர். சங்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசப்பட்டபோது, எத்தனை பேர் சேர்கிறார்களோ அந்த எண்ணையே பெயராக வைக்கலாம் என்ற யோசனை ஏற்கப்பட்டது. சேர்ந்தவர்கள் 99 பேர். எனவே 'நைன்ட்டி நைன்ஸ்' என்பதே பெயராயிற்று. 1931இல் அமெலியா அதன் முதல் தலைவியானார்.

1937 ஜூலையில் உலகைச் சுற்றிவரும் பயணத்தின்போது பசுபிக் சமுத்திரத்தின் மேல் அமெலியா காணாமற்போனார். அவருக்குச் சிலை வைத்தவர்கள் பலர். அவருடைய சங்கத்தார் அதைவிடப் பயனுள்ள ஒன்றைச் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள், 1940களின் தொடக்கத்தில், அவர் பெயரால் ஒரு புலமைப்பரிசில் நிதியை உருவாக்கினார்கள். அந்த நிதி இன்றும் பெண் விமானிகளின் பயிற்சிக்கு உதவி வருகிறது. லொறி ஓட்டியும் தொலைபேசி நிறுவனத்தில் உழைத்தும் கட்டணம் சேர்த்த ஒருவருடைய பெயர், பிறருடைய கட்டணத்தைச் செலுத்தும் நிதிக்கு இடப்பட்டது எவ்வளவு பொருத்தம்!

இந்தப் புலமைப்பரிசிலின் நோக்கம், ஏற்கெனவே அனுமதிப்பத்திரம் பெற்ற பெண் அடுத்த தகுதியைப் பெற்று முடிப்பதற்கு உதவுவதாகும். 'முடிப்பதற்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதியில் நிற்பது எவ்வளவு நட்டம் என்று மேலே பார்த்தோம் அல்லவா? இந்தச் சங்கம் நடத்தும் வழிகாட்டல் திட்டமும் குறிப்பிடத்தக்கது. அதில் வழிகாட்டலைப் பெற்றவர்கள், பின்னர் தாமே இன்னொருவருக்கு வழிகாட்டிகளாகிறார்கள். 1990களில் அமெரிக்காவில் உருவான 'விமென் இன் ஏவியேஷன் இன்டர்நெஷனல்' என்ற அமைப்பும் ஆண்டுதோறும் பல புலமைப்பரிசில்களை வழங்குகிறது. விமானிகளோடு விமானப் பொறியியலாளர்கள், பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர்கள் ஆகியோருக்கும் அதன் உதவி கிடைக்கிறது.

கதவு திறந்தபோது

உதவி கிடைத்தால் பெண்கள் உண்மையில் முன்வருவார்களா என்று ஒருவர் கேட்கலாம். வரலாறு அதற்கு விடை சொல்கிறது. 1939இல் அமெரிக்க அரசாங்கம் கல்லூரி மாணவர்களுக்கு அரச செலவில் விமானப் பயிற்சி அளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவிலேயே பெண்களுக்கு இடம் தரப்பட்டது. அந்தச் சிறிய இடைவெளியிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பறக்கக் கற்றனர். பத்தாண்டுகளுக்கு முன் நாடு முழுவதிலும் இருந்த பெண் விமானிகள் 117 பேர் மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள். இடையில் பெண்களுடைய துணிச்சல் திடீரென்று பெருகிவிடவில்லை. கட்டணத்தை வேறொருவர் செலுத்தினார், அவ்வளவுதான்.

1941இல் அந்தக் கதவும் பெண்களுக்கு மூடப்பட்டது. ஆனால் இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது விமானிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், 1943இல் 'வாஸ்ப்' என்ற பெண் விமானிகள் அணி உருவானது. 25,000க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தனர். 1,074 பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். புதிய விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டு சேர்ப்பது போன்ற பணிகளை அவர்கள் செய்தனர். 38 பேர் பணியில் உயிர்நீத்தனர். எனினும் அந்த அணியில் சேர விரும்பிய பெண், ஏற்கெனவே பறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது முதற்படியை அவர் முன்னரே ஏறியிருக்க வேண்டும்.

உதவித் திட்டங்கள் பலவற்றிலும் இன்றுவரை காணப்படும் குறை இதுதான். ஓரளவு ஏறியவர்க்கே உதவி கிடைக்கிறது. முதற்படியில் கால் வைக்க முடியாதவர் கண்ணில் படுவதில்லை. இதை உணர்ந்துதான் நைன்ட்டி நைன்ஸ் சங்கம் பின்னாளில், முதல் அனுமதிப்பத்திரத்துக்காகப் பயிலும் மாணவிகளுக்கென்றே தனியான ஓர் உதவியையும் ஏற்படுத்தியது.

இன்று உலகளவில் விமான நிறுவனங்களின் விமானிகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேரே. அண்டை நாடான இந்தியாவிலோ அது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல். இதற்குப் பல காரணங்கள் உண்டு. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவ மாணவியருக்குச் சிறிய விமானங்களில் பறக்கும் அனுபவத்தை அளிக்கிறது. சில மாநில அரசுகள் பெண்களின் விமானப் பயிற்சிக்கு மானியம் வழங்கியிருக்கின்றன. அங்கே முதற்படி சற்றுத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஸவூதி அரேபியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. மக்காவில் பிறந்த ஹனாதி அல்-ஹிந்தி ஜோர்தானில் விமானப் பயிற்சி பெற்றார். அவருடைய பயிற்சிக்கு இளவரசர் அல்-வலீத் பின் தலால் ஆதரவு வழங்கினார். 2004இல் அந்த இளவரசரின் நிறுவனம் அவரை விமானியாகப் பணிக்கமர்த்த ஒப்பந்தம் செய்தது. அந்த நாட்டில் பெண்கள் கார் ஓட்டுவதற்கு அனுமதி கிடைத்தது 2018இலேயே!

வழிகாட்டி என்ன செய்கிறார்?

பணத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் வழிகாட்டி ஏன் தேவை என்று தோன்றலாம். வழிகாட்டி சொல்லும் மிகச் சிறிய ஆலோசனைகூடப் பெரிய நட்டத்தைத் தடுக்கும். "கட்டணம் செலுத்துமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடு" என்பது ஓர் உதாரணம். பணத்தைக் கட்டி, சில மாதம் பறந்தபின் கண்பார்வையில் தகுதிக் குறைவு தெரியவந்தால் அந்தப் பணம் திரும்பி வராது. "பணம் முழுவதும் கைக்கு வந்தபின் இடைவிடாமல் படி" என்பது இன்னொன்று. சர்வதேச வான்பரப்பில் கட்டுப்பாட்டாளருடன் பேச ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம் என்பதால் இப்போதே பேசிப் பழகு என்பது மற்றொன்று. புலமைப்பரிசில் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பனவும் ஏறியவருக்கே தெரியும்.

தந்தையோ சகோதரரோ விமானியாக உள்ள வீட்டில் இவை சாப்பாட்டு மேசையிலேயே பேசப்படும். அப்படிப்பட்ட வீடு இல்லாதவளுக்கு வழிகாட்டிதான் அந்தச் சாப்பாட்டு மேசை.

நமது வாசலில்

நமது நாட்டிலும் மாற்றம் தெரிகிறது. 2020 நவம்பரில் திருகோணமலை சீனக்குடாவிலுள்ள விமானப்படைக் கல்விப்பீடத்திலிருந்து, இலங்கை விமானப்படை வரலாற்றில் முதன்முறையாகப் பெண் விமானிகள் பயிற்சி முடித்து வெளியேறினர். விமானப்படையில் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. பணம் என்ற சுவர் இல்லாத இடத்தில் பெண்கள் நுழைந்ததை இங்கும் காண்கிறோம்.

ஆனால் எல்லோரும் படையில் சேர முடியாது. அந்தச் சேவைக்கு வெளியே, திறமையுள்ள மாணவிக்கு முதல் 40 மணித்தியாலங்களைப் பெற்றுக்கொடுக்கும் புலமைப்பரிசில்கள் நமக்கு வேண்டும். நமது சமூகத்தில் கல்விக்காக வாரி வழங்குபவர்கள் பலர் இருக்கிறார்கள். மருத்துவ பீடத்துக்குச் செல்லும் மாணவிக்கு மனமுவந்து உதவுகிறார்கள். விமானப் பயிற்சியும் ஒரு கல்விதான் என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது நமது பொறுப்பு. பாடசாலைகளும் தொழில் வழிகாட்டல் நிகழ்வுகளுக்கு ஒரு பெண் விமானியையோ பெண் விமானப் பொறியியலாளரையோ ஒருமுறையாவது அழைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஓர் அழைப்புக் கடிதம் போதும்.

தோழியரே, பறக்க ஆசைப்படும் ஒருத்தி உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அவளிடம் "பயமில்லையா?" என்று கேட்காதீர்கள். "மருத்துவப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள்? எவ்வளவு செலவாகும்? யாரிடம் விசாரிக்கலாம்?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் இருவருமாகச் சேர்ந்து தேடுங்கள். கேர்ட்டிஸ் திடலில் கூடிய 26 பேரும் செய்யத் தொடங்கியது அதைத்தான்.